கோரியம்: ஒரு லத்தீன் சொல்லும் பாலாற்றங்கரையும்

(ஆம்பூர்ப் பகுதிக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'எக்ஸ்கோரியேட்' என்பது அந்தச் சொல். அன்றாடப் பேச்சில் அதிகம் வராது. ஆங்கில நாளேடுகளின் தலையங்கங்களைப் படிப்பவர்கள் சந்தித்திருப்பார்கள். நீதிமன்றம் ஓர் அரசுத் துறையைக் கடிந்துகொண்டாலோ, எதிர்க்கட்சித் தலைவர் அமைச்சரை வறுத்தெடுத்தாலோ இந்த வினை அங்கே வரும். 'கடுமையாகச் சாடுதல்' என்று பொருள் எழுதிக்கொண்டு நம் மாணவர்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். போட்டித் தேர்வுக்கு அது போதும்.

நான் நிறுவ விரும்பும் கருத்து இது: இந்தச் சொல் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களின் தொழிலில் பிறந்தது. பிறகு மருத்துவரிடம் போனது, அதற்கும் பிறகு நீதிமன்றத்துக்கும் பத்திரிகைக்கும் போனது. ஒவ்வொரு படி ஏறும்போதும் வேலை செய்தவர் அதிலிருந்து கழன்று விழுந்தார். அவரை மீண்டும் அதற்குள் கொண்டுவராமல் அதன் பொருளை முழுதாகக் கற்றதாக ஆகாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்த வட்டாரத்தில் அதைக் கற்பது எளிது. அச்சொல்லின் எல்லாப் பொருள்களும் இங்கே இன்றும் உயிரோடு இருக்கின்றன.

1. சொல்லின் பிறப்பு

லத்தீனில் 'கோரியம்' என்றால் விலங்கின் தோல், பதனிட்ட தோல் இரண்டும்தான். 'எக்ஸ்' என்பது 'வெளியே', 'நீக்கி' என்று பொருள்படும் முன்னொட்டு. இரண்டும் சேர்ந்து 'எக்ஸ்கோரியாரே' என்ற பிற்கால லத்தீன் வினை உருவானது. பொருள், தோலை உரித்தல். ஆங்கிலத்துக்குள் அது வந்தது 15ஆம் நூற்றாண்டில். அப்போதும் உடலின் தோல் பெயர்வதையே குறித்தது. சொல்லால் உரிக்கும் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் அதற்கு ஏறியது.

கோரியத்துக்கு வாரிசுகள் நிறைய. பிரெஞ்சில் தோல் 'குயிர்', ஸ்பானிய மொழியில் 'குவேரோ', இத்தாலியில் 'குவோயோ'. போர்வீரன் மார்பில் அணியும் 'குய்ராஸ்' என்னும் கவசம் இரும்பாக மாறுவதற்கு முன் தோலாக இருந்தது, அதனால் அந்தப் பெயர். பதனிட்ட தோலை மெருகேற்றித் தருபவருக்கு ஆங்கிலத்தில் 'கரியர்' என்று பெயர் உண்டு. அது 'கோரியாரியஸ்' என்னும் லத்தீன் தொழிற்பெயரின் தேய்ந்த வடிவம். தாவரவியல் மாணவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். மாவிலைபோலத் தடித்து விறைப்பாக இருக்கும் இலையை 'கோரியேசியஸ்' என்று எழுதுவார்கள், தோல்போன்றது என்று.

இன்னும் கீழே இறங்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கோரியத்தையும், மரப்பட்டையைக் குறிக்கும் 'கோர்டெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லையும், தோலைக் குறிக்கும் 'சர்மன்' என்ற வடமொழிச் சொல்லையும் 'வெட்டு' என்று பொருள்படும் ஒரே தொல்வேரில் வைக்கிறார்கள் இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் அறிஞர்கள். சர்மன் தமிழில் சருமம் ஆனது. ஆக, மருத்துவமனையின் 'சருமநோய்ப் பிரிவு' என்ற பலகைக்கும், தோல் தொழில்நுட்பப் பாடநூலின் 'கோரியம்' என்ற அத்தியாயத்துக்கும் இரத்த உறவு இருக்கிறது. மரத்திலிருந்து வெட்டி எடுப்பது பட்டை, விலங்கிலிருந்து வெட்டி எடுப்பது தோல். கத்தி பிடித்த கையைப் பார்த்துத்தான் இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2. டேனரியில் கோரியம்

கோரியம் என்ற சொல் இறந்த மொழியின் எச்சமாகத் தோன்றலாம். இந்த ஊர் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், பயிற்சி பெற்ற எந்தத் தொழில்நுட்பரிடமும் கேளுங்கள், அது அவருடைய அன்றாடச் சொல்.

தோலுக்கு மூன்று அடுக்கு. மேலே மெல்லிய மேல்தோல், மயிர் அதைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அடியில் கொழுப்பும் ஜவ்வும் சதையும் ஒட்டிய அடுக்கு. இரண்டுக்கும் நடுவே, நார் நாராகப் பின்னிக் கிடக்கும் தடித்த அடுக்குதான் கோரியம். அதன் நார் கொலாஜன் என்னும் புரதம். டேனரியின் முதல் பாதி வேலை முழுவதும் இந்த நடு அடுக்கைத் தனியே மீட்பதற்குத்தான்.

தோல் மண்டியிலிருந்து வரும் பச்சைத் தோல் உப்பில் கிடந்து விறைத்திருக்கும். ஒரு கிலோ தோலுக்கு 300 முதல் 400 கிராம் உப்பு. அதைத் தண்ணீரில் ஊறவைத்து உயிர்ப்பிப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். மயிர் கழன்று, மேல்தோல் கரைந்து, தோல் வெளுத்து உப்பி வழுவழுவென்று ஆகிவிடும். அந்த ஈரத் தோலின் எடையைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்கு இந்தத் தொழிலின் உடல் உழைப்பு விளங்காது.

அடுத்தது ஜவ்வு எடுப்பது. இன்று அதற்கு ஃபிளஷிங் இயந்திரம் இருக்கிறது. முன்பு, சாய்த்து நிறுத்திய உருண்டை மரத்தின் மேல் தோலை உட்புறம் மேலே தெரியும்படி விரித்து, இரு முனையிலும் கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளி எடுப்பார்கள். இடுப்பும் தோளும் சேர்ந்து செய்யும் வேலை அது. கத்தி ஒரு இழை கூடுதலாக இறங்கினால் கோரியம் வெட்டுப்படும், ஒரு இழை மேலே நின்றால் ஜவ்வு தங்கிவிடும், ஜவ்வு தங்கிய இடத்தில் பதனிடும் பட்டைச் சாறு ஏறாது. விலங்கை முதலில் உரித்தவரின் கத்தி தவறியிருந்தாலும் இங்கேதான் தெரியத் தொடங்கும். பச்சையில் கண்ணுக்குப் படாத கீறல், பதனிட்டுச் சீவும்போது ஓட்டையாக வெளிப்படும். தரம் பிரிப்பவர் அந்தத் தோலைக் கீழ்த்தரத்தில் போடுவார். சுரண்டி எடுத்த ஜவ்வும் வீணாவதில்லை, பசை காய்ச்சப் போகிறது. தச்சர்கள் கையாண்ட வஞ்சிரம் அதன் ஒரு வடிவம். கொலாஜன் என்ற சொல்லின் கிரேக்க வேர்ப்பொருளும் 'பசை தருவது' என்பதுதான்.

இந்த இரண்டு அடுக்கும் போன பின் கையில் எஞ்சுவது கோரியம் மட்டும். அதைத்தான் பதனிடுகிறார்கள். நம் காலில் இருக்கும் செருப்பு, இடுப்பில் இருக்கும் பெல்ட், பையில் இருக்கும் பர்ஸ் எல்லாம் அகராதிப்படியே கோரியம்தான். உரிப்பது என்ற வேலைக்குள் எவ்வளவு நிதானமும் கைத்திறனும் இருக்கின்றன என்பதை இங்கே பார்க்கலாம். ஆங்கில நாளேட்டின் வினையில் இருப்பது ஆத்திரம் மட்டுமே. உரித்தவரின் திறமை அந்தச் சொல்லிலிருந்து போய்விட்டது. முதல் இழப்பு அது.

3. பட்டையும் தோலும்

கோரியமும் கோர்டெக்சும் ஒரே வேரின் பிள்ளைகள் என்றேன். அவை மறுபடி சந்தித்துக்கொண்ட இடம் நம் ஊர்ப் பதக்குழி.

ஆவாரையை உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்த மஞ்சள் பூச்செடி. அதன் பட்டைதான் இந்தப் பகுதித் தோல் தொழிலுக்கு அடித்தளம் இட்டது. 'கேசியா ஆரிகுலேட்டா' என்று லின்னேயஸ் அதற்குப் பெயர் சூட்டினார். 'ஆரிகுலா' என்றால் சிறிய காது. இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல இரண்டு சிற்றிலைகள் விரிந்திருக்கும், அதைப் பார்த்து வைத்த பெயர். இன்று 'சென்னா ஆரிகுலேட்டா' என்று மாற்றிவிட்டார்கள். ஆங்கிலேயருக்கோ அது 'தோல் பதனிடுபவரின் கேசியா'. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த டிவி-டிவி மரத்தின் சுருண்ட காய்களும் இங்கே பதனிடப் பயன்பட்டன. அதன் தாவரவியல் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது: 'சீசல்பினியா கோரியாரியா', அதாவது தோல்காரருக்கு உரியது.

ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோலைக் கடுக்காய்ச் சாற்றில் முடித்து, புங்க எண்ணெய் தடவிக் காயவைத்தால் வெளிறிய பழுப்பு நிறத்தில் மென்மையாக வரும். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் இது பேர் பெற்றது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுக்கு மேல்தோலாகச் சென்னை மாகாணத்துப் பதனிட்ட மாட்டுத்தோலை அரசே வாங்கிக் குவித்தது. தேவை பெருகப் பெருக ஆவாரை போதாமல் போய், தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்து இறங்கியது. பிறகு அந்த மரத்தையே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிரிட்டார்கள். அந்த மரங்கள் சோலைப் புல்வெளிகளை விழுங்கிய கதை தனியே சொல்லப்பட வேண்டியது.

பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிடும் குரோமியம் முறையின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான், விரைந்து கடக்கிறேன். ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் அதைச் சோதித்துக் காட்டினார். 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1972இல் அரசு அமைத்த சீதாராமையா குழு, அரைப்பதத் தோலாக ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுதும் முடித்த தோலாகவும் பொருளாகவும் அனுப்பச் சொன்னது. அதன்பிறகு டிரம்கள் உருண்டன, குரோமியம் ஏறி நீலம் பாய்ந்த ஈரத் தோலான வெட் ப்ளூ வந்தது, ஆம்பூர் ஷூ ஊராக மாறியது. வாரங்கள் பிடித்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பட்டை போய்க் குரோமிய உப்பு வந்தபோது கழிவுநீரின் குணமும் மாறியது. அதற்கு ஆறாவது பகுதியில் வருகிறேன்.

4. ஊருக்கு வெளியே

ரோமில் கோரியாரியஸ்கள் எங்கே இருந்தார்கள்? டைபர் ஆற்றுக்கு மறுகரையில். பண்டைய ரோமின் வட்டாரப் பட்டியல்கள் பதனிடும் கூடத்தை அங்கேதான் குறிக்கின்றன. யூதர்களின் மிஷ்னா சட்டத் தொகுப்பு, தோல் பதனிடும் இடத்தை ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் கிழக்குத் திசையில்தான் வைக்க வேண்டும் என்று விதிக்கிறது. பொம்பேய் நகரில் மட்டும் ஒரு பதனிடும் கூடம் மதிலுக்கு உள்ளேயே அகழ்ந்தெடுக்கப்பட்டது. வட்ட வட்டமான தொட்டிகள், நம் ஊர்க் குழிகளின் உறவுக்காரர்கள். அங்கே உணவருந்தும் இடத்தின் மேசையில் பதித்திருந்த சித்திரம் இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: நடுவில் ஒரு மண்டையோடு, அதற்கு மேல் கொத்தனாரின் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும், ஒரு பக்கம் அரசனின் செங்கோலும் பட்டாடையும், மறுபக்கம் பிச்சைக்காரனின் கோலும் கந்தலும். சாவின் முன் இருவரும் ஒரே மட்டம். பதனிடும் கூடத்தில் அந்தச் சித்திரம் இருந்தது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாற்றத்துக்காகத் தொழிலைத் தள்ளி வைத்தார்கள் என்பது ரோமுக்கு ஓரளவு பொருந்தும். இங்கே தொழிலோடு மனிதரையும் தள்ளி வைத்தார்கள். கோரியாரியஸ் என்பது ரோமில் தொழிற்பெயராக நின்றது. அதே வேரில் பிறந்த 'சர்மகாரன்' வட இந்தியாவில் பிறப்பால் ஒட்டிக்கொள்ளும் சாதிப்பெயர் ஆகிவிட்டது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்களுக்கு இடையே இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தது மொழியால் நடந்த காரியமல்ல.

தமிழ் இதில் விலக்கா? இல்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். சாத்தந்தையார் பாடியது. ஊரில் விழா நெருங்குகிறது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் ஒருவன் வார் கோத்த ஊசியால் கட்டில் பின்னுகிறான். அவன் கையின் வேகம்தான் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் வேகத்துக்கு உவமை. தோல்வாருக்குப் 'போழ்' என்று எவ்வளவு அழகான சொல்! அரசனின் ஆற்றலைச் சொல்ல ஒரு தொழிலாளியின் கையைத் தேடிப்போன அந்தப் புலவர், அவனைக் குறிக்க எடுத்த சொல்லோ 'இழிசினன்'. திறமையைப் புகழவும் திறமையாளனைத் தாழ்த்தவும் ஒரே பாட்டில் முடிந்திருக்கிறது. அந்தச் சொல்லை வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கடக்கக் கூடாது.

இன்றும் பச்சைத் தோல் பிரிவிலும் சுண்ணாம்புப் பிரிவிலும் நிற்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பது இந்த அவையில் யாருக்கும் புதிய செய்தியல்ல. இவ்வூர்களின் முஸ்லிம் வணிகர்கள் சாதி வழக்கம் தீண்ட மறுத்த பொருளைத் துணிந்து கையாண்டு உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள், ஈட்டியதில் பள்ளிகளும் கல்லூரிகளும் கட்டினார்கள். மேல்விஷாரத்து சி. அப்துல் ஹக்கீம் பெயரில் நிற்கும் கல்லூரியும், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் அதற்குச் சான்று. அந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் ஜவ்வு எடுத்த கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

5. சிராய்ப்பும் சுரணையும்

அடுத்த படி மருத்துவம். தோல் மருத்துவரின் குறிப்பில் 'எக்ஸ்கோரியேஷன்' என்று எழுதியிருந்தால், சொறிந்தோ உராய்ந்தோ மேல்தோல் பெயர்ந்த புண் என்று பொருள். தமிழில் சிராய்ப்பு என்போம். மேல்தோலில் இரத்தக் குழாய் கிடையாது. சிராய்த்த இடத்தில் இரத்தம் புள்ளி புள்ளியாகக் கசிகிறது என்றால் கீழேயுள்ள கோரியத்தை எட்டிவிட்டோம் என்று கொள்ளலாம். மூலப்பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருப்பவர்கள் மருத்துவர்கள்தான்.

குரோமிய உப்புகளோடு பழகும் தொழிலாளரின் கைகளில் ஒவ்வாமை அரிப்பும் புண்ணும் வருவது உலகெங்கும் பதிவான தொழில்நோய். கைவிரல் கணுக்களில் குழிபோல விழும் ஆறாத புண்ணைக் 'குரோம் குழி' என்றே மருத்துவ நூல்கள் அழைத்தன. மாட்டின் கோரியத்தைக் கெடாமல் நிறுத்தும் உலோகம் மனிதனின் கோரியத்தைப் புண்ணாக்குகிறது. கையுறையும் காலுறையும் தருவது சலுகை என்று இன்னும் நினைக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலூருக்கு இதில் தனி இடம் உண்டு. 1946இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழவில்லை, உணர்ச்சி போனதால் காயம் படுவது தெரியாமல் தேய்ந்து அழிகின்றன என்று நிறுவினார். வலி என்பது காவல் என்பதை உலகத்துக்குச் சொன்ன ஊர் இது. வேலூரிலும் 1955 முதல் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும், உணர்வற்ற பாதங்களுக்கென்று நுண்துளை ரப்பர் அடிவைத்த செருப்புகளைச் செய்து தந்தார்கள். தோல் தொழிலின் மடியிலேயே தோலின் உணர்ச்சி பற்றிய அந்த ஆராய்ச்சி நடந்தது.

'சுரணை' என்று நாம் சொல்கிறோம் அல்லவா? சுரணையற்ற தேமல் என்று தொழுநோயின் முதல் அறிகுறியைச் சொல்வோம். சுரணை கெட்டவன் என்று மானமில்லாதவனையும் சொல்வோம். உடலின் உணர்ச்சியும் மனத்தின் வெட்கமும் தமிழில் ஒரே சொல். எக்ஸ்கோரியேட் என்ற வினையின் மூன்றாவது பொருள், அதாவது சொல்லால் உரிப்பது, இந்தச் சுரணையை நம்பித்தான் இயங்குகிறது. கேட்பவருக்குச் சுரணை இருந்தால்தான் சாடலுக்குப் பயன்.

6. சாடுதலும் தோலுரித்தலும்

ஆங்கிலத்தைப் போலவே தமிழும் தோலை உரிப்பதைப் பேச்சுக்கு ஏற்றியிருக்கிறது. ஆனால் போன திசை வேறு. 'தோலை உரிச்சிடுவேன்' என்பது அடிப்பேன் என்ற மிரட்டல், அதை விடுங்கள். 'தோலுரித்துக் காட்டினார்' என்று எழுதும்போது நாம் சொல்வது என்ன? போர்த்தியிருந்ததை நீக்கி உள்ளே இருப்பதை ஊருக்குத் தெரியவைத்தார் என்பது. ஆங்கில வினையில் உரிபடுபவரின் வலி முதன்மை. தமிழில் 'காட்டினார்' என்ற துணைவினையில்தான் கனம் இருக்கிறது. சாட்சியும் ஆதாரமும் இல்லாமல் யாரையும் சாடிவிடலாம், தோலுரித்துக் காட்ட முடியாது.

இந்த வேறுபாடு எனக்கு ஏன் முக்கியம் என்றால், நம் வட்டாரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. டேனரிக் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் முதலில் படிப்பது இதைத்தான். கெடுத்தவரே ஈடு தர வேண்டும், கெடும் என்று அஞ்ச இடமிருந்தாலே தடுக்க வேண்டும், தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சேரும் என்ற கொள்கைகளை இந்த நாட்டின் சட்டத்தின் பகுதியாக அது அறிவித்தது.

ஆங்கில ஏடுகளுக்கு அது சாடல். தீர்ப்பைப் படித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். அதன் வலிமை கடுஞ்சொல்லில் இல்லை. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை அது முதலில் ஒப்புக்கொள்கிறது. அதனால் நீரையும் நிலத்தையும் அழிக்கும் உரிமை வந்துவிடாது என்று அடுத்த மூச்சில் சொல்கிறது. பிறகு ஒவ்வொரு அடுக்காக எடுத்து வைக்கிறது: ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், குரோமிய முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள். வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணிப்புப்படி இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. குடிநீருக்குப் பெண்களும் பிள்ளைகளும் நெடுந்தொலைவு நடந்தார்கள். கிணற்றுநீரைச் சோதித்தவர், மண்ணை அளந்தவர், மனு எழுதியவர் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம் அது. தமிழ்ப் பொருளில் தோலுரித்துக் காட்டிய தீர்ப்பு என்பேன்.

தீர்ப்பையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக இனங்கண்டு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு விதித்தது. அங்கே பெயர்கள் வருகின்றன, சர்வே எண்கள் வருகின்றன, ஊர்கள் வருகின்றன. சொல்லிலிருந்து கழன்று விழுந்த மனிதர்கள் திரும்பி வரும் இடம் அத்தகைய பட்டியல்தான். ஆனால் பட்டியலோடு வேலை முடிந்துவிடவில்லை. உப்பு இன்னும் நிலத்தடியில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் பல்லாண்டுகள் மழைதோறும் கரைந்துகொண்டிருந்தது. டேனரியில் பயன்படும் குரோமியத்தைவிடப் பன்மடங்கு நஞ்சான வகை அது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்து, சேதம் சரிசெய்யப்படும்வரை கெடுத்தவரின் பொறுப்பு தீராது என்று சொல்ல வேண்டி வந்தது. 1996க்கும் 2025க்கும் இடையே 29 ஆண்டுகள்.

தொழிலே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூ தொழிற்சாலை வேனுக்காகக் காலையில் சாலையோரம் நிற்கும் பெண்களின் வரிசையைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். அந்தப் பெண்களின் ஊதியமும் அவர்கள் வீட்டுக் கிணற்று நீரும் ஒன்றுக்கொன்று விலையாகக் கூடாது. அந்தக் கணக்கைத்தான் தீர்ப்பு நம் முன் வைத்தது.

7. அகராதிக்கு ஒரு பதிவு

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்பவர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு பரிந்துரை. 'எக்ஸ்கோரியேட்' என்ற தலைச்சொல்லுக்குக் கீழே பொருள்களை இந்த வரிசையில் கொடுங்கள்: முதலில், தோலை உரி, அடுத்து, மருத்துவத்தில், தோலைச் சிராய், மூன்றாவதாக, கடுமையாகச் சாடு. தோலுரித்துக் காட்டு என்பது இதற்கு நிகரன்று என்ற குறிப்பையும் சேருங்கள்.

மாணவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது, அது இன்னும் அவசரமானது. பட்டைக் குழிகளில் வேலை பார்த்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. ஜவ்வு எடுக்கும் கத்திக்கும் சாய்மரத்துக்கும் உங்கள் தெருவில் என்ன பெயர்? பட்டைச் சாறு பதமாகிவிட்டதை நாக்கில் வைத்துப் பார்த்தார்களா, மூக்கில் அறிந்தார்களா, அதற்கு என்ன சொல் இருந்தது? தரம் பிரிப்பவர் உருதுவில் சொன்னது எது, தமிழில் சொன்னது எது, மண்டியில் துணிக்கு அடியில் விரலால் விலை பேசிய வழக்கம் இங்கே இருந்ததா? உங்கள் தாத்தாவிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் கேட்டு, சொன்னவரின் வேலையையும் பிரிவையும் ஊரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கல்லூரியின் தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் வேதியியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஓராண்டில் ஒரு சொற்றொகுதி கைக்கு வரும். துறைத் தலைவர்கள் இசைந்தால் முதல் கூட்டத்தை வரும் பருவத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நானும் வருகிறேன்.